ஆள்காட்டியின் நாலு முட்டை

அடுகோடியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தால் ஆறேகாலுக்கு நின்றுவிடும். ஐந்து குடித்தனத்துக்கு ஒரே குழாய். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் அம்மா யாருடனாவது சண்டை போட்டு, சமாதானமாகி, எட்டுக் குடம் பிடித்துவிட வேண்டும். இதில் நடுவில் உள்ளதை அவள் பெரும்பாலும் செய்வதில்லை. அதனால் வீட்டில் சொந்த வீட்டுப் பேச்சு வந்தால் அப்பா ஹாலைப் பற்றிப் பேசுவார், மாமா மாடியைப் பற்றிப் பேசுவார், அம்மா மட்டும் கிணற்றைப் பற்றிப் பேசுவாள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் வேலை. ஒரு முழம் கேட்டு வருகிறவர் தலையில் ஒன்பது முழம் கட்டி அனுப்புகிற சாமர்த்தியம் அவருக்கு உண்டு. அந்தச் சாமர்த்தியத்தை வீட்டிலும் காட்டினார். ஓசூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் உள்ளே நடந்தால் வரும் ஒரு புது லேஅவுட்டில், முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்றை அப்பாவுக்குப் பிடித்துக் கொடுத்தார். லேத் பட்டறையில் காலம் முழுக்க இரும்பைச் சீவிக்கொண்டிருந்த அப்பா, தன் பெயரில் பூமி என்று ஒன்று வந்ததும் ஆளே மாறிப்போனார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. சித்ரான்னம் கட்டிக்கொண்டு சைட் பார்க்கப் போவோம்.

பார்ப்பதற்கு அங்கே என்ன இருந்தது என்கிறீர்கள்? நாலு மூலைக்கு நாலு வெள்ளைக் கல், ஒன்றில் சிவப்பு பெயின்டில் எண். அவ்வளவுதான். லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய செம்மண்ணும் உடைந்த செங்கல்லும் சரளையும் சமமாக நிரவப்பட்டுக் கண்ணுக்கெட்டியவரை கிடந்தது. அம்மா அந்த வெறும் தரையில் அறை அறையாக நடப்பாள். நான் குறுக்கே ஓடினால், "சுவத்து மேல ஓடறா பாரு" என்று திட்டுவாள். சமையலறை என்று அவள் முடிவு செய்த இடத்தில்தான் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

லேஅவுட் முடிகிற இடத்தில் கோரைப் புல். அதற்கு அப்பால் தண்ணீர். நிறையத் தண்ணீர். வெள்ளையும் கறுப்புமாகப் பறவைகள் அதில் நின்றுகொண்டும் நீந்திக்கொண்டும் இருக்கும். நாங்கள் அங்கே போய்த்தான் கை கழுவுவோம். அதற்கு எங்கள் வீட்டில் பெயர் பள்ளம். "மழைத் தண்ணி தேங்குற பள்ளம்" என்று முதல் நாளே மாமா சொல்லிவிட்டார். நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். ஜனவரியில் ஒரு மழையும் பெய்யாமல் பள்ளம் நிறைய எப்படித் தண்ணீர் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் நாலாம் வகுப்பு. நானும் கேட்கவில்லை.

முட்டைகளை நான் பார்த்தது பெரிய லீவில், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சைட்டின் ஒரு மூலைக்கு நான் போகும்போதெல்லாம் ஒரு பறவை என் தலைக்கு மேல் வந்து வந்து கத்தியது. நீண்ட மஞ்சள் கால்கள், கண்ணோரம் சிவப்புச் சதை. "ஆள்காட்டிக் குருவிடீ அது. ஆள் வந்தா ஊருக்கே சொல்லிடும்" என்றாள் அம்மா. மாமா கையைத் தட்டித் துரத்தினார். அது போகவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து, குந்தி உட்கார்ந்து தரையை உற்றுப் பார்த்தேன். கல், கல், கல், கல். வெகுநேரம் கழித்துத்தான் அவற்றில் நாலு கல் கல் இல்லை என்று தெரிந்தது. மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு, கூர் முனைகள் நாலும் உள்பக்கமாகச் சேர்ந்திருக்க, ஒரு சின்னக் குழியில் நாலு முட்டைகள்.

எனக்குப் புல்லரித்துப்போனது. இத்தனை பெரியவர்கள் இத்தனை ஞாயிற்றுக்கிழமை நடந்த இடத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று. யாரிடமும் சொல்லவில்லை. மாமாவைப் பொறுத்தவரை உலகத்தில் எந்த முட்டையும் ஆம்லெட்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூமி பூஜை. முந்தின நாளே மேஸ்திரி வந்து நூல் பிடித்து, அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு வைத்திருந்தார். செம்மண் மேல் வெள்ளை வெளேரென்று அம்மாவின் அறைகள் எல்லாம் நிஜமாகவே வந்துவிட்டன. "யாரும் கோட்டை மிதிக்காதீங்க. கோடு கலைஞ்சா வேலை கெட்டுடும்" என்று மேஸ்திரி வாசலிலேயே நின்று எல்லாரையும் எச்சரித்துக்கொண்டிருந்தார். ஐயர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினார். அப்பா பூஜைத் தட்டோடு தாண்டினார். யாருக்கும் அடங்காத மாமாகூட வாயை மூடிக்கொண்டு, முழங்காலைத் தூக்கித் தூக்கித் தாண்டினார். ஐயரின் மந்திரத்துக்கு மேலே ஆள்காட்டி கத்திக்கொண்டே இருந்தது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தச் சுண்ணாம்புக்கு இருக்கிற மரியாதை அப்பாவுக்குக்கூட இல்லை என்று தோன்றியது. இதைப் போட்டால் எந்தப் பெரிய மனுஷனும் கால் வைக்கமாட்டான். ஒன்பது வயது மூளைக்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

பூஜை முடிந்து எல்லாரும் பள்ளத்துக்குக் கை கழுவப் போனார்கள். நான் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சுண்ணாம்புத் தூளை அள்ளிக்கொண்டு மூலைக்குப் போனேன். தாயும் தகப்பனுமாக இரண்டு பறவைகளும் மாறி மாறி என் உச்சந்தலையைக் குறிவைத்து இறங்கின. ஒரு கையால் தலையை மூடிக்கொண்டு, மறு கையால் முட்டைகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அகலம். தினமும் வாசலில் கோலம் போட்டுப் பழகிய கை என்பதால் வட்டம் கொஞ்சமும் கோணவில்லை. பிறகு தள்ளிப் போய் நின்று பார்த்தேன். தாய் இறங்கி வந்தது, வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் கொஞ்சம் தயங்கியது, உள்ளே போய் முட்டைகள் மேல் உட்கார்ந்தது. இனிமேல் இதற்கு ஒரு கவலையும் இல்லை என்று நினைத்தேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, வீடு கட்டப்போகிற சந்தோஷம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

வீடு கட்டுவதற்கு முதலில் தண்ணீர் வேண்டும். அதற்குக் கிணறு. கிணற்றுக்கு இடம் குறிக்க, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கிற ஒருவர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. தேங்காய் தானாக நிமிர்ந்து நிற்கிற இடத்தில் அவர் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடுவார். மறுநாள் கிணறு வெட்டுகிறவர்கள் வந்து அந்த வட்டத்தில் தோண்டுவார்கள். இதெல்லாம் பெரியவர்கள் பேசி வைத்துக்கொண்டது. ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவர்களுக்கு ஏன் தோன்றப்போகிறது?

செவ்வாய்க்கிழமை அப்பாவும் மாமாவும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பியபோது நானும் அடம்பிடித்துக் கூடப் போனேன். குஞ்சு வந்திருக்குமா என்று பார்க்க வேண்டும். லேஅவுட்டுக்குள் நுழையும்போதே ஆள்காட்டியின் சத்தம் கேட்டது. அது வழக்கமான சத்தமாக இல்லை. நிறுத்தவே இல்லை. இரண்டு பறவைகளும் எங்கள் சைட்டுக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. நான் அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடினேன்.

என் வட்டம் இருந்த இடத்தில் குழி இருந்தது.

ஒரு பக்கம் பிசகவில்லை. நான் போட்ட வட்டத்தை அப்படியே அச்செடுத்த மாதிரி குழி. உள்ளே ஒருவர் நெஞ்சளவு ஆழத்தில் நின்று மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சட்டி சட்டியாக மண்ணை வாங்கி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். கொட்டிய குவியலின் அடியில் கிடந்தது செம்மண். அதற்கு மேல் கொட்டப்பட்டிருந்தது கன்னங்கரேலென்ற ஈரமண். அந்தக் கறுப்பு மண் முழுக்க வெள்ளை வெள்ளையாக ஓடுகள். பத்து, நூறு, எண்ணவே முடியாத அளவு. நாலு முட்டைதானே இருந்தது, இவ்வளவு ஓடு எங்கிருந்து வந்தது? இந்தப் பூமிக்குள் அடுக்கடுக்காக முட்டைகள் இருந்தனவா, எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்களா? மண்டியிட்டு இரண்டு கையாலும் அந்த ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"அது நத்தை ஓடு கண்ணு" என்றாள் அந்த அக்கா.

"முட்டை இருந்துச்சே" என்றேன்.

அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள். "இருந்துச்சு. நாலு. அந்தக் குருவி எங்க வீட்டுக்காரரு தலையிலயே வந்து வந்து வுழுந்துச்சு. என்னாத்துக்கு இப்படிப் பண்ணுதுன்னு நாங்க பாக்குறதுக்குள்ள மண்வெட்டி எறங்கிப்போச்சு." மறுபடி சட்டியை எடுத்துக்கொண்டே, "ரெண்டுல குஞ்சு ஆயிருந்துச்சு" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ வருஷம் நினைத்திருக்கிறேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. கையிலும் பாவாடையிலும் கறுப்புச் சேறோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பின்னால் மேஸ்திரி அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "தேங்காய்க்காரரு சும்மா சொல்லக்கூடாது சார். ஈசானிய மூலையில கரெக்டா போட்டுட்டுப் போயிருக்காரு பாயிண்ட்டை. வட்டத்தைப் பாத்ததும் காலையில ஆறு மணிக்கே கை வெச்சிட்டோம்."

"அவர் நேத்து வரலையே" என்றார் அப்பா. "ஆனேக்கல்ல ஒரு வேலை, இன்னைக்குத்தான் வர்றேன்னு நேத்து மச்சான் கடைக்குப் போன் பண்ணிச் சொன்னாராம்."

"அப்போ வட்டம் போட்டது யாரு?"

அந்த நேரத்தில்தான் குழிக்குள்ளிருந்து, "சார், தண்ணி" என்று குரல் வந்தது. எட்டிப் பார்த்தார்கள். அவருடைய கணுக்கால் நனைந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் நனைந்தது. ஆறடிகூடப் போகவில்லை.

"நான்தான் போட்டேன்" என்று நான் சொன்னது அப்போதுதான். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அடி விழுந்தால் தேவலை என்றும் இருந்தது. அப்பா என்னைத் தூக்கினார். தலைக்கு மேலே, ஆள்காட்டிகள் கத்திக்கொண்டிருந்த உயரத்துக்குத் தூக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா மேஸ்திரி, எம் பொண்ணு கைராசியை" என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஏன் போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. "முட்டை, முட்டை" என்று நான் அழுததற்கு மாமா, "முட்டைதானே வேணும்? வா, இன்னைக்கு நீ என்ன கேட்டாலும் உண்டு" என்று ஓசூர் ரோட்டு பேக்கரிக்குக் கூட்டிப்போய் முட்டை பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார். நடந்ததைவிட எனக்கு இன்னும் நம்பமுடியாமல் இருப்பது அடுத்தது. நான் அதைச் சாப்பிட்டேன். பசித்தது.

விஷயம் லேஅவுட் முழுக்கப் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. பரப்பியது மாமா, சொல்லவேண்டுமா? அவர் சொன்ன கதையில் நான் கண்ணை மூடிக்கொண்டு நடந்து, ஓரிடத்தில் சிலிர்த்து நின்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து சைட்டுக்காரர் மனைவியோடு வந்து நின்றார். பேங்கில் குமாஸ்தா, மரியாதையான மனிதர். தட்டில் வெற்றிலை, பழம், நடுவில் ஒரு டப்பா சுண்ணாம்புத் தூள். "பாப்பா கையால எங்களுக்கும் ஒரு வட்டம்" என்றார்.

வட்டம் போட்டால் வெட்டுவார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் நான் மாட்டேன் என்றால் தேங்காய்க்காரர் வந்து போடுவார். அவருக்கு முட்டைகளைப் பற்றி என்ன தெரியும்? தேங்காயைத்தான் பார்ப்பாரே தவிர, தரையைப் பார்க்கமாட்டார். ஆகவே நானே போடுவது என்று முடிவு செய்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்களுடைய சைட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, குனிந்து, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே மெல்ல நடந்தேன். ஆள்காட்டி எங்கே அதிகமாகக் கத்துகிறதோ அங்கிருந்து விலகினேன். சத்தம் ஓய்ந்த இடத்தில் நின்று, இன்னொரு தடவை தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, வட்டம் போட்டேன்.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூச்சுவிடவில்லை. செருப்பைக் கழற்றியதும் குனிந்து நடந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதும் எல்லாம் தண்ணீர் பார்க்கிற வித்தை என்று எடுத்துக்கொண்டார்கள். ஏழடியில் தண்ணீர் வந்தது. என் பேர் நிலைத்துவிட்டது.

அந்த லீவிலும் அதற்குப் பிந்தைய மாதங்களிலும் பதினோரு சைட்டில் வட்டம் போட்டேன். பதினோரு இடத்திலும் தண்ணீர். மூன்று சைட்டில் முட்டைகளைப் பார்த்தேன். மூன்றிலும் வட்டத்தை எதிர் மூலைக்குத் தள்ளிப்போட்டுக் காப்பாற்றினேன். ஒரு கூட்டில் குஞ்சுகள் வெளியே வந்து பஞ்சுருண்டை மாதிரி ஓடியதைக்கூடப் பார்த்தேன். நாலு போனதற்கு ஈடு கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குள் ஒரு கணக்கு. யாருக்கும் தெரியாத அந்தக் கணக்கில் நான் கெட்டிக்காரியாக இருந்தேன். மறைப்பானேன், தட்டும் பழமும் மரியாதையும்கூட எனக்குப் பிடித்துப்போயிருந்தன.

மறு வருஷம் கோடைக்கு முன்னால் புது வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா வாளி வாளியாக இறைத்து, யாரோடும் சண்டை போடாமல் துணி துவைத்தாள். சுற்றிலும் வீடுகள், பாதி வீடுகள், ஜல்லிக் குவியல்கள், வாட்ச்மேன்களின் நாய்கள். கோரைப் புல் இருந்த இடம்வரை லாரிகள் மண் கொட்டிக்கொண்டிருந்தன. பெரிய லீவு விட்டதும் நான் முட்டை தேடிப் புறப்பட்டேன். மூன்று நாள் ஒவ்வொரு காலி சைட்டாகத் தேடினேன். முட்டையும் இல்லை, தலைக்கு மேல் வந்து கத்துவதற்கு ஒரு பறவையும் இல்லை. முதல் நாலு முட்டைகளுக்காக என் மேல் கோபித்துக்கொண்டு போய்விட்டன என்று நம்பினேன். முட்டை இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவைத்தால் போதும் என்றுதானே நான் வருஷம் முழுக்க வட்டம் போட்டிருந்தேன். அவற்றுக்குச் சுற்றியிருந்த அத்தனை இடமும் வேண்டியிருந்தது என்று எனக்கு எங்கே தெரியும்?

நான் குனிந்து தேடுவதைப் பார்த்த கடைசி வரிசை சைட்டுக்காரர் ஒருவர் உடனே சுண்ணாம்பு டப்பாவோடு ஓடி வந்தார். விலக வேண்டிய இடம் எதுவும் இல்லாததால் இந்தத் தடவை சீக்கிரமே போட்டுவிட்டேன். மறுநாள் வெட்ட வந்தவர்கள் அதே கணவனும் மனைவியும். வேடிக்கை பார்க்க அப்பாவும் வந்திருந்தார். நாலடியிலேயே கறுப்பு மண், நத்தை ஓடு, தண்ணீர். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசி வரிசைக்காரர் என் வாயில் ஒரு மைசூர்பாகைத் திணித்தார்.

அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "நீ எங்க போட்டாலும் தண்ணி வரும் கண்ணு. கண்ணைக் கட்டிக்கிட்டுப் போட்டாலும் வரும். போடலைன்னாலும் வரும். இது கெரெ, ஏரி. எங்க மாமியா இந்த எடத்துல நின்னு மீன் புடிச்சிருக்காங்க. மேல மண்ணைக் கொட்டிட்டா ஏரி எங்க போவும்? அன்னைக்கு நீ வட்டம் போடாட்டியும் அந்தக் குருவிக்கு அதேதான்."

என் தோளில் இருந்த அப்பாவின் கை இறுகியது. "யக்கா, அந்தப் பேச்செல்லாம் இங்க வேணாம்" என்றார், மெதுவாக, கடைசி வரிசைக்காரர் காதில் விழாத மாதிரி. "யாராவது கவர்மென்ட்காரன் காதுல வுழுந்தா வீட்டை இடிச்சுட்டுப் போயிடுவான்." நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவின் முகம் வெளிறியிருந்தது. அந்த அக்கா புதிதாக எதையும் அவருக்குச் சொல்லிவிடவில்லை என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. அதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வந்தது கோபம்தான். ஊரே மெச்சுகிற என் கையை ஒரு மண் சுமக்கிறவள் ஒன்றுமில்லை என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, வெட்டுகிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி அம்மா இரண்டு டம்ளர் டீ கொடுத்தனுப்பினாள். கணவனுக்குக் கொடுத்தேன். அவளுடையதை, அவள் பார்க்கும்படியே, அந்தக் கறுப்பு மண்ணில் கொட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சட்டியைத் தூக்கினாள்.

என்னிடமிருந்து கைராசியைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். முட்டைகளைக் கொன்றது உன் கை இல்லை என்று அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் எனக்குச் சொன்னாள் என்பது அன்றைக்குப் புரியவில்லை. என் கை இல்லையென்றால் பின் யாருடையது என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. அப்பா பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்.